பாதியில் நின்ற அதிகாரம்

நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வேனிலிருந்து பஹ்ரைனின் குதைபியாவில் இறங்கியபோது ஜெபகனிக்குக் கண் எரிந்தது. காலை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் கடைகள் பாதி திறந்து பாதி மூடிக் கிடந்தன.

இந்த வாரம் அவள் வீட்டில் நடந்ததை மனாமாவில் தமிழ் பேசுகிற பாதிப் பேர் அறிவார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி அக்கம்பக்கத்து நாடுகளின் சண்டை வானத்தில் நெருப்புக் கோடுகளாகத் தெரிந்தது. சைரன் அலறியது. விமானங்கள் நின்றுபோயின. மறுநாள் விடிந்ததும் ஜெபகனியின் கணவர் இஸ்ரவேல் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மத்தேயு இருபத்திநாலாம் அதிகாரத்தைத் திறந்து, அதில் சொல்லியிருக்கும் கடைசிக் கால அடையாளங்களுக்கும் நேற்று வானத்தில் பார்த்ததற்கும் வரிக்கு வரி முடிச்சுப் போட்டிருந்தார். "எல்லாரும் ஆயத்தமாயிருங்க, பெட்டிய கட்டி வைங்க, இருக்கிறத சேத்து வைங்க" என்று முடித்திருந்தார்.

இஸ்ரவேல் போதகர் இல்லை, ஏசி டெக்னீஷியன். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்தபின் அவருக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வாரப் பேப்பரில் வந்த ஒரு செய்தியை எடுப்பார், வேதத்திலிருந்து ஒரு பகுதியை எடுப்பார், இரண்டையும் சேர்த்துப் பேசுவார். தங்கம் விலை ஏறினால் அதற்கொரு வசனம் வைத்திருப்பார். ஹைவேயில் வேகம் பிடிக்கும் புது ராடார் வைத்தால் அதற்கும் ஒன்று. போதகரின் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட இவர் எழுந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஜெபகனிக்கு அதில் கொள்ளைப் பெருமை. பஹ்ரைனுக்கு வந்த புதிதில் ஃபோர்மேன் முன்னால் நின்று லீவு கேட்கக்கூட நாக்கு எழாத மனுஷன் அவர். அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசவைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பால் வாங்கலாம் என்று முகம்மது ரிபாயின் கோல்டு ஸ்டோர் மளிகைக் கடைக்குள் நுழைந்தாள். காயல்பட்டினத்துக்காரர். அவர் மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸும் ஜெபகனியின் மகள் அக்ஸாவும் ஒரே வகுப்பு.

"ஒரு தண்ணி கேஸும் குடுங்க தம்பி."

ரிபாய் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"எங்கக்கா இருக்கு? ரெண்டு நாளா உங்க சபை ஆளுங்க கேஸ் கேஸா தூக்கிட்டுப் போயிட்டாங்க. அரிசி, பருப்பு, மெழுகுவத்தி எல்லாம் காலி. வியாபாரி நான், விக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"வண்டி வரலையா?"

"இன்னைக்கு வராது. காலைல கட்டட சைட்டுக்குப் போற பசங்க வந்து நின்னாங்க. வெள்ளிக்கிழமையும் அவங்களுக்கு டியூட்டி இருக்கே. ஒரு பாட்டில் இல்ல. இந்த வெயில்ல குழாய்த் தண்ணிய புடிச்சிட்டுப் போறானுங்க. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

ஜெபகனி பால் பாக்கெட்டுக்குக் காசை எடுத்து நீட்டினாள்.

"அண்ணன் வாய்ஸ் எனக்கும் வந்துச்சுக்கா" என்றார் ரிபாய். "கத்தார்லேருந்து மச்சான் அனுப்பினாரு. நல்லாத்தான் பேசுறாரு. ஆனா கேட்டு முடிச்சதும் எனக்கே கடையப் பூட்டிட்டு ஊருக்கு ஓடிரலாமான்னு ஆயிடுச்சு."

குற்றம் சாட்டும் குரலே இல்லை அது. அதனாலேயே படியேறும்போதும் அவள் காதில் அது நின்றது.

வீட்டுக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பின்னால், ராத்திரி அவள் டியூட்டிக்குப் போனபின் வந்த தண்ணீர் கேஸ்கள் அடுக்கியிருந்தன. சோபா இருந்த இடத்தில் அரிசி மூட்டைகள். சாப்பாட்டு மேஜையில் வேதத்தை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, இஸ்ரவேல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் சத்தமில்லாமல் செய்தி ஓடியது.

"வந்துட்டியா? டீ போடட்டா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார். "ஜெபா, ஓமன்ல சோஹார்ல இருந்து போன் வருது. ராஸ் அல் கைமாவுல சிமென்ட் பேக்டரில இருக்க நம்ம பயலுவ இன்னைக்கு லைவ்ல கேக்கப் போறானுவளாம். நம்ம கமிட்டி ஜெயமணி சொல்லுதாரு, சேர் பத்தாது, வெளியில ஸ்பீக்கர் கட்டணும்னு."

அவர் முகம் கல்யாண மாப்பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. ஜெபகனி பாலைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

அறையிலிருந்து அக்ஸா வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. ஜீன்ஸும் ஷூவும் போட்டுக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

"மம்மி, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க. ஃபிர்தௌஸும் நானும் தமிழ்ச் சங்கத்து ஹாலுக்குப் போறோம். ஃபிளைட் கேன்சலாகி நிறைய பேர் அங்கதான் ஸ்டே பண்ணிருக்காங்க. வாலன்டியர்ஸ் வேணுமாம்."

"வெளியில எங்கயும் போவக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் இஸ்ரவேல், வேதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இருக்க நெலமையில வீட்டுல இருந்து ஜெபம் பண்ணு."

"ஆராதனைக்கு மட்டும் போலாமா?"

"அது வேற."

அக்ஸா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? அந்த சாப்டர் எப்படி முடியுதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எது?"

"மத்தேயு ட்வென்டி ஃபோர். வாய்ஸ்ல நீங்க பாதியில ஸ்டாப் பண்ணிட்டீங்க. என்ன ஆகும்னு பயமா இருந்துச்சு. அதான் ராத்திரி நானே முழுசா படிச்சேன்."

"எனக்கு வேதம் சொல்லித் தாறியாட்டி?"

"இல்லப்பா. நான் கேக்குறேன். முடியப் போற எடத்துல சண்டையே இல்ல. பூகம்பம் இல்ல. ஒரு வேலைக்காரன் மத்தவங்களுக்குச் சாப்பாடு குடுக்குறான். ஏன் அது அங்க இருக்கு? எனக்குப் புரியல. நீங்க சொல்வீங்கன்னுதான் கேட்டேன்."

இஸ்ரவேல் பக்கத்தைத் திருப்பவில்லை. "சபைக்கு நேரம் ஆவுது. அப்புறம் பேசலாம்" என்றார்.

அக்ஸா எழுந்து உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை. அதுவே ஜெபகனிக்கு அதிகம் வலித்தது.

டீ போடுகிற சாக்கில் அவள் சமையல்கட்டில் நின்றாள். அவளிடமும் ஒரு கேள்வி இருந்தது. ராத்திரி முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் வேனில் வந்திருந்தாள்.

ஜெபகனிக்குப் பிரசவ வார்டில் டியூட்டி. நேற்று ஷிஜி வந்திருந்தாள், சபைப் பெண். குமரிக் கடற்கரையிலிருந்து போன வருஷம் கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஆல்டோ, படகு என்ஜின் மெக்கானிக். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போக இந்த வாரம் டிக்கெட் போட்டிருந்தாள். விமானம் நின்றுபோனது. நாள் தள்ளிப்போனால் வயிற்றோடு ஏற்ற மாட்டார்கள். அந்தக் கவலை ஒருபுறம் இருக்க, நேற்று இடுப்புவலி என்று ஓடி வந்தாள். பொய்வலிதான். ஆனால் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் வார்டிலேயே சேர்த்துவிட்டார்.

ஜெபகனி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள் ஷிஜி.

"அக்கா, அண்ணன் வாய்ஸ்ல ஒரு வசனம் வாசிச்சாவல்லா? அந்த நாளுல பிள்ளத்தாச்சிமாருக்கு ஐயோன்னு. திருப்பித் திருப்பிக் கேட்டேன். அது எனக்கா அக்கா? என் பிள்ளைக்கா? அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. கோபித்துக்கொள்ளவில்லை அவள். அவர் வார்த்தையில் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தாள்.

ஜெபகனி டம்ளரில் டீயை ஊற்றினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் பேச எழ வேண்டும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய கூட்டம் அவருக்குக் கிடைத்ததில்லை. இப்போது சொன்னால் மனுஷன் நொறுங்கிப்போவார். சாயங்காலம் சொல்லலாமா?

ஆனால் ஷிஜி அங்கே கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

வந்தார். டீயை வாங்கிக்கொண்டார். ஜெபகனி ஷிஜியின் வார்த்தைகளை அப்படியே சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். ரிபாய் கடையில் தண்ணீர் இல்லாமல் திரும்பிய பையன்களைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒண்ணும் சொல்லலங்க. அவ கேக்கச் சொன்னா. கேட்டுட்டேன்."

இஸ்ரவேல் டம்ளரை மேடையில் வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஹாலுக்குப் போய் வேதத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. மேஜையில் எழுதிவைத்திருந்த குறிப்புத் தாள்கள் அங்கேயே கிடந்தன. மூன்று பேரும் காரில் ஏறினார்கள்.

சபை நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. வாசலில் நின்ற கமிட்டி செயலர் ஜெயமணி ஓடிவந்து இஸ்ரவேலின் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, லைவ் ரெடி. இன்னைக்கு நீங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லன்னு போதகர் ஐயாவே சொல்லிட்டாவ."

"அவ்வளவு வேண்டாம்" என்றார் இஸ்ரவேல்.

பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் முடிந்தன. இஸ்ரவேல் எழுந்து முன்னால் போனார். ஸ்பீக்கரின் உறுமல் அடங்கியது. கடைசி வரிசையில் ஆல்டோ நின்றிருந்தான். தூக்கமில்லாத முகம். கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அதற்குள் ஷிஜியின் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"புதன்கிழமை நான் ஒரு வாய்ஸ் போட்டேன்" என்று ஆரம்பித்தார் இஸ்ரவேல். "அதக் கேட்டவங்க கையத் தூக்குங்க."

காடு மாதிரி கைகள் எழுந்தன.

"அத அடுத்தவங்களுக்கு அனுப்பினவங்க?"

கொஞ்சம் தயக்கம். பிறகு அதே காடு.

"அந்த அதிகாரத்த எடுத்து வச்சு, கடைசி வரைக்கும் வாசிச்சவங்க?"

கைகள் இறங்கின. பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு கை மட்டும் நின்றது. அது அக்ஸாவின் கை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அதுவும் மெல்லக் கீழே இறங்கப் பார்த்தது.

"இறக்காத பிள்ள. இருக்கட்டும்" என்றார் இஸ்ரவேல். "நானே வாசிக்கல. இருபது வருஷமா எனக்கு அந்த அதிகாரம் மனப்பாடம். அதனாலதான் வாசிக்கல. இன்னைக்குக் காலைலதான் கதவச் சாத்திக்கிட்டு முழுசா வாசிச்சேன்."

ஜெயமணி லைவ் போனைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். இது அவர் எதிர்பார்த்த பேச்சு இல்லை.

"யுத்தச் செய்தி உங்க காதுல விழும்னு ஆண்டவர் சொல்லுதாரு. அத நான் உங்களுக்குச் சொன்னேன். ஆனா அதே மூச்சுல, நீங்க கலங்கக் கூடாதுன்னும் சொல்லுதாரு. அத நான் முழுங்கிட்டேன். ஏன் முழுங்கினேன்? முதல் பாதியத்தான் நீங்க ஃபார்வர்டு பண்ணுவீங்க. எனக்கு அது தெரியும். அது எனக்குப் பிடிச்சிருந்துது."

எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இஸ்ரவேலின் குரல் கரகரத்தது. வழக்கமாக அவர் பேச்சில் இருக்கும் ஏற்ற இறக்கம் எதுவும் இன்றைக்கு இல்லை. வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஒரு பிள்ளத்தாச்சிப் பொண்ணு என்கிட்ட ஒரு கேள்வி அனுப்பிருக்கா. அந்த நாளுல கர்ப்பிணிகளுக்கு ஐயோன்னு இருக்கே, அது எனக்கான்னு கேக்கா. சபைக்கு முன்னால அவளுக்குப் பதில் சொல்லணும். அது சாபம் இல்லம்மா. நம்ம வீட்டுல மாசமா இருக்க பிள்ள வேகமா படியிறங்கினா நாம என்ன சொல்லுவோம்? 'ஐயோ, பாத்து'ன்னு பதறிக்கிட்டு ஓடுவோம்லா? அந்த ஐயோதான் இது. ஊரே ஓடுற நாளுல உன்னால ஓட முடியாதேன்னு, உன்ன நெனச்சு ஆண்டவர் பட்ட பதற்றம் அது. உன் மேல உள்ள கோவத்துல சொன்னது இல்ல. உன் மேல உள்ள கரிசனத்துல சொன்னது. இத அன்னைக்கே சொல்லாம போனது என் குத்தம். என்ன மன்னிச்சிரு."

கடைசி வரிசையில் ஆல்டோ தலையைக் குனிந்துகொண்டான். போனைப் பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.

பக்கத்தில் இருந்த அக்ஸா ஜெபகனியின் கைக்குள் கையை நுழைத்தாள்.

"அந்த அதிகாரம் எப்படி முடியுதுன்னு என் மக கேட்டா" என்று தொடர்ந்தார். "எசமான் திடீர்னு வாராரு. எந்த வேலைக்காரன மெச்சுதாரு? தேதி குறிச்சவனையா? மூட்டை கட்டி வச்சவனையா? இல்ல. கூட வேலை செய்யுறவங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருக்கவன மெச்சுதாரு. ஆயத்தமா இருங்கன்னு நானும்தான் சொன்னேன். ஆயத்தம்னா என்னன்னு அவரு அங்க சொல்லி வச்சிருக்காரு. நான் அதுக்கு முன்னாலயே நிறுத்திட்டேன்."

வேதத்தை மூடினார்.

"என் வீட்டு ஹால்ல நடக்க எடமில்ல, அவ்வளவு தண்ணி. கீழ ரோட்டுல சைட்டுக்குப் போற பயலுவ குழாய்த் தண்ணியப் புடிச்சிட்டுப் போறானுவ. ஃபிளைட் இல்லாம சங்கத்து ஹால்ல ஆளுங்க உக்காந்திருக்காவ. இன்னைக்குச் செய்தியும் வேதமும் இவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய் தண்ணியத் தூக்கப் போறேன். வாறவங்க வாங்க."

அவர் வந்து உட்காரவில்லை. நடுப்பாதை வழியாக நேரே வாசலுக்கு நடந்தார்.

ஜெயமணி லைவை அணைத்துவிட்டு அவர் பின்னால் வேகமாகப் போனார்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய? ஜனங்க எவ்வளவு எதிர்பார்ப்போட வந்தாவ."

"நானும் எதிர்பார்ப்போடதான் இருந்தேன், ஜெயமணி. காலைல வரைக்கும்."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயமணி, "என் வீட்டுலயும் இருக்கு. ஸ்டோர் ரூம் நிறைய" என்றார் மெதுவாக.

மதியத்துக்குள் குதைபியாவின் படிக்கட்டுகளில் தண்ணீர் கேஸ்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மேலே ஏற்றும்போது இருந்த அவசரம் இல்லை. ஒருவருக்கொருவர் கை கொடுத்து இறக்கினார்கள். ரிபாய் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாதிச் சரக்கு தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப் பக்கம் போனது. மீதி சங்கத்து ஹாலுக்குக் கிளம்பியது. அக்ஸாவும் ஃபிர்தௌஸும் முன்சீட்டில் நெருக்கியடித்து ஏறினார்கள். இந்தத் தடவை இஸ்ரவேல் தடுக்கவில்லை.

"தொப்பி எடுத்துக்கிட்டியா பிள்ள?" என்று மட்டும் கேட்டார்.

ஜெபகனி தூங்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாம்பார் சாதத்துக்குக் குக்கரை ஏற்றி இறக்கி, பெரிய டப்பாவில் அடைத்து அவளும் வந்து சேர்ந்தாள்.

ஹாலில் பாய் விரித்தும் விரிக்காமலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் குவைத்திலிருந்து இந்த வழியாக ஊருக்குக் கிளம்பி, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். சுவரோரமாகக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியின் மேல் சாய்ந்திருந்த ஒருவருக்கு இஸ்ரவேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"எந்த ஊரு தம்பி?"

"சிவகங்கை பக்கங்க. வேலுச்சாமி. ஒரே கம்பெனியில அஞ்சாறு வருசமா கான்ட்ராக்ட். பிள்ள பொறந்து ஒரு வருசமாவப் போவுது, இன்னும் மொகத்தப் பாக்கல. பொறந்தநாளுக்குப் போயிரலாம்னு கெளம்புனேன்." தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? கழுத்துல சிலுவ போட்ருக்கீங்க, அதான். ஒலகம் முடியப் போவுதாமே, நெசந்தானா?"

"யாரு சொன்னா?"

"ஒரு வாய்ஸ் வந்துச்சுங்க. எல்லாருக்கும் வந்துருக்கு. எங்க சாமி வேற, ஆனாலும் கேட்டதுலேருந்து பிள்ள நெனப்பாவே இருக்கு. போய்ப் பாத்துருவேனா மாட்டேனான்னு."

வேலுச்சாமி போனை எடுத்து அழுத்தினார். ஹாலின் இரைச்சலுக்கு நடுவில் இஸ்ரவேலின் குரல், ஏற்ற இறக்கத்தோடு, கணீரென்று எழுந்தது. பெட்டிய கட்டி வைங்க. இருக்கிறத சேத்து வைங்க.

சாதம் பரிமாறிக்கொண்டிருந்த ஜெபகனி திரும்பிப் பார்த்தாள். தன் சபையில், தன் ஜனங்களுக்கு நடுவில் தவறைச் சொல்வது ஒன்று. முன்பின் அறியாத மனுஷன் முன்னால் சொல்வது வேறு. அவர் நழுவிப்போனால்கூட யாருக்கும் தெரியப்போவதில்லை.

இஸ்ரவேல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அது என் குரல்தான் தம்பி."

வேலுச்சாமி போனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து, தோளில் அட்டைப்பெட்டித் தூசியோடு இருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"பாதிதான் சொல்லிருக்கேன்" என்றார் இஸ்ரவேல். "அதுவும் பயமுறுத்துற பாதி. மீதி இருக்கு. கேக்குறியா?"

"இந்தத் தண்ணி நீங்க கொண்டாந்ததா?"

"நாங்கதான். வாங்கிப் பதுக்கி வச்சிருந்தோம். அதுவும் அந்த வாய்ஸாலதான்."

கால் நீட்டியிருந்த வேலுச்சாமி மடக்கி உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. நான் எங்க போவப் போறேன், ஃபிளைட்டுதான் இல்லையே."

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இஸ்ரவேல் பேசத் தொடங்கினார். மைக் இல்லை, மேடை இல்லை. முதலில் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டார். அருணா என்றார் வேலுச்சாமி. போட்டோ காட்டச் சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள்.

சாதத் தட்டோடு வந்த பெரியவர் ஒருவர் ஜெபகனியிடம் கேட்டார். "இவரு யாரும்மா, பாஸ்டரா?"

"இல்லங்க. ஏசி டெக்னீஷியன்" என்றாள் ஜெபகனி. பிறகு, பெரியவர் கேட்காமலே, "என் வீட்டுக்காரர்" என்றாள்.

எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் சபை அவரைக் கொண்டாடியபோது அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்தப் பெருமையில் அடுத்த வாரமும் இப்படியே பேச வேண்டுமே என்ற கவலையும் ஒட்டிக்கொண்டே வரும். இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. கதவோரம் ஃபிர்தௌஸோடு சேர்ந்து பாட்டில்களை எண்ணாமல் எடுத்து நீட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அக்ஸாவும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபின் ஆல்டோவின் போனிலிருந்து ஷிஜியின் போட்டோ வந்தது. தட்டில் இட்லி, கன்னத்தில் குழி. பிரஷர் இறங்கிவிட்டதாம். 'அண்ணனுக்குக் காட்டுங்க அக்கா' என்று எழுதியிருந்தாள். இஸ்ரவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

அவர் தன் போனைத் திறந்தது அதற்குப் பிறகுதான். காலையிலிருந்து தொடாத போன். குவிந்து கிடந்த மெசேஜ்களுக்கு நடுவில் சோஹாரிலிருந்து பெபினின் பெயர் இருந்தது. பெபின் இஸ்ரவேலின் ஒரே தம்பி. துறைமுகத்தில் வெல்டர். அண்ணன் சொல்லைத் தட்டாதவன்.

இஸ்ரவேல் அழுத்தினார்.

"அண்ணே, நீங்க வாய்ஸ்ல சொன்ன மாதிரியே பெட்டியக் கட்டிட்டேன். நேத்தே வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சு. எங்க ரூம் பயலுவளும் எழுதிக் குடுத்துட்டானுவ. எல்லாம் உங்க பேச்ச நம்பித்தான். கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, இனி ஊருதான்."

இஸ்ரவேலின் முகத்தில் ரத்தம் வற்றியதை ஜெபகனி பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைல லைவ்ல கேட்டிருப்பானே" என்றாள்.

"கேட்டிருந்தா போன் பண்ணிருப்பான், ஜெபா."

பெபினின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை யாரோ எடுத்தார்கள். பெபினின் குரல் இல்லை. சின்ன வயசுக் குரல்.

"அண்ணாச்சியா? வாய்ஸ் போட்ட அண்ணாச்சியா? நாங்க ரூம்ல எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஸ்பீக்கர்ல போடுதேன், சொல்லுங்க."

"பெபின் எங்கப்பா?"

"எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டு வாறேன்னு எங்க ஸ்பான்சர் கபீல் வீட்டுக்குக் கெளம்பிட்டாவ. போன இங்கயே வச்சிட்டுப் போயிட்டாவ. இப்பதான் படியிறங்கினாவ."

இஸ்ரவேல் எழுந்து நின்றுவிட்டார்.

"ஓடிப்போய் அவனப் புடிங்க" என்றார். "வாங்கக் கூடாதுன்னு சொல்லுங்க, வாங்கிட்டா அந்த வேலை திரும்பக் கெடைக்காது. அண்ணன் பாதிதான் சொன்னான், மீதியக் கேட்டுட்டுப் போகச் சொன்னான்னு சொல்லுங்க."

எதிர்முனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படியில் தடதடவென்று கால்கள் இறங்கின. ஜெபகனி கணவரின் கையைப் பற்றிக்கொண்டாள். அக்ஸா டிவியை அணைத்தாள். மூன்று பேரும் அந்தப் போனில் வரும் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.